ஒரு நிரலும் பல பட்டறைகளும்

ஒருமுறை எழுதிய நிரல் எல்லாக் கணினிகளிலும் இயங்கவேண்டும் என்ற ஆசை, 1995இல் ஜாவா மொழியோடு பிறந்ததாகவே பலரும் எண்ணுகின்றனர். அது இன்னும் மூத்தது. 1970களின் பிற்பகுதியில், சான் டியேகோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் கென்னத் பௌல்ஸ் தலைமையில் உருவான பாஸ்கல் அமைப்பு, எந்தக் கணினிக்கும் சொந்தமில்லாத ஓர் இடைநிலைக் குறியீட்டைக் கையாண்டது. அதைப் படித்து இயக்கும் சிறு நிரலொன்று ஒவ்வொரு கணினியிலும் இருந்தால் போதும். டிஸ்கியில் தட்டச்சிட்ட கட்டுரை வேறோர் எழுத்துருவில் பொருளற்ற எழுத்துக்குவியலாய்த் தெரிந்த காலத்தைக் கடந்துவந்த நமக்கு இந்த ஆசையின் நியாயத்தை எவரும் விளக்கவேண்டியதில்லை.

2008இல் இச்சிக்கல் செல்பேசிக்குள் புகுந்தது. ஐபோனுக்கு எழுத ஆப்பிளின் மேக் கணினியும் எக்ஸ்கோடும் அப்ஜெக்டிவ்-சி மொழியும் வேண்டும். ஆண்ட்ராய்டுக்கோ ஜாவாவும் எக்லிப்ஸும். ஒரே செயலியை இருமுறை எழுதவேண்டிய நிலை. அவ்வாண்டு சான் பிரான்சிஸ்கோவில் நிரலாளர் கூடுகையொன்றில் தோன்றிய போன்கேப் ஒரு குறுக்குவழி கண்டது. உலாவி எல்லாச் செல்பேசியிலும் இருக்கிறதே! வலைப்பக்கம்போல் எழுதி, அதற்கு ஓர் உறை போர்த்தி, கேமராவுக்கும் இருப்பிடமறியும் கருவிக்கும் பாலம் அமைத்துவிட்டால் தீர்ந்தது. ஆனால், அந்த உறையை அந்தந்த நிறுவனத்தின் பட்டறையில்தான் வார்க்கமுடியும். இரண்டு பட்டறைகளைத் தவிர்க்க வந்தவர் மூன்றை நிறுவ நேர்ந்தது: ஆண்ட்ராய்டுக் கருவித்தொகுதி, எக்ஸ்கோடு, இவற்றின்மேல் போன்கேப்.

2010 ஏப்ரலில் ஆப்பிள் தன் ஒப்பந்தத்தைத் திருத்தியது. தான் குறிப்பிட்ட சில மொழிகளிலேயே செயலிகள் 'மூலமாக' எழுதப்பட்டிருக்கவேண்டும் என்றது. பிளாஷில் எழுதியதை ஐபோன் செயலியாக மாற்றித்தரும் அடோபியின் கருவி வெளிவரவிருந்த நேரம் அது. இடையில் நிற்கும் அடுக்குகள் செயலியின் தரத்தைக் கெடுக்கும் என்று ஸ்டீவ் ஜாப்ஸ் பகிரங்கமாகவே வாதிட்டார். அவ்வாதத்தை நாம் முற்றாகத் தள்ளமாட்டோம். உறைபோர்த்திய செயலிகள் பல விரலுக்குப் பின்தங்கியே நகர்ந்தன. எனினும், படைப்பை விடுத்து எழுதுகோலையே தணிக்கை செய்த விதி அது என்பதே நம் எண்ணம். செப்டம்பரில் அது தளர்த்தப்பட்டது. வலையுலாவி வழி இயங்கும் ஜாவாஸ்கிரிப்டுக்கு விலக்கு இருந்ததால் போன்கேப் இடையில் தப்பியது. 2011இல் அதை உருவாக்கிய நிடோபி நிறுவனத்தை அடோபி வாங்கி, மூலநிரலை அப்பாச்சி அறக்கட்டளைக்கு அளித்தது. அங்கே கோர்டோவா என்ற பெயரில் அது தொடர்ந்தது; போன்கேப் என்ற பெயரை அடோபி 2020இல் கைவிட்டது.

பின்னர் 2015இல் ரியாக்ட் நேட்டிவ் வந்தது. 2018 டிசம்பரில் பிளட்டரின் முதற்பதிப்பு. பிளட்டர், செல்பேசி தரும் பொத்தான்களை நம்பாமல் திரையைத் தானே வரைந்துகொள்கிறது. இவ்வளவு தற்சார்புடைய கருவியும் நிறுவியவுடன் 'டாக்டர்' என்றொரு கட்டளையை இயக்கிப் பார்க்கச் சொல்கிறது! எந்தக் கருவி இல்லை, எந்த உரிமம் ஏற்கப்படவில்லை என்று அம்மருத்துவர் வரிவரியாக நோய் சொல்வார். மேக்கில் அழைத்தால் எக்ஸ்கோடையும் சோதிப்பார். விண்டோஸ் கணினியில் அழைத்தால் ஆண்ட்ராய்டைப் பற்றிப் பேசுவார். ஐபோனுக்கான வரியே அங்கே இராது.