பார்லிமெண்டில் பெரோஸ் காந்தி

ஐந்தாண்டுக்கு ஒருமுறை நாம் வரிசையில் நின்று வாக்களித்துவிட்டு வருகிறோம். பிறந்த மண்ணை விட்டு வந்து, வேற்றுமொழி வழங்கும் ஊரில் குடும்பம் நடத்தும் நம் போன்றோர்க்கு ஒரு கேள்வி எழுவது இயல்பு. நாம் அனுப்பிய அங்கத்தினர் டில்லியில் நமக்காக என்ன செய்தார் என்பதை எவ்வாறு அறிவது? எத்தனை மசோதாக்களுக்கு ‘ஆம்’ என்றார், எத்தனைக்கு ‘இல்லை’ என்றார் என்று எண்ணிப் பார்த்தால் போதுமா? போதாது என்பதற்குச் சரித்திரத்தில் நல்ல சான்று ஒன்று உண்டு. அதுவே பெரோஸ் காந்தியின் பொதுவாழ்வு.

லோக் சபையில் பெரும்பாலான தீர்மானங்கள் குரல் வாக்கெடுப்பிலேயே முடிந்துவிடும். எவரேனும் ஆட்சேபித்துப் பிரித்தெண்ணக் கோரினாலன்றி, யார் எப்பக்கம் நின்றார் என்பது பெயர்வாரியாகப் பதிவாவதில்லை. பதிவாகும்போதும் கட்சிக் கொறடாவின் உத்தரவே பெரும்பாலும் வாக்கை நிர்ணயிக்கும். 1985இல் வந்த 52ஆவது அரசியல் சட்டத் திருத்தத்திற்குப் பின், அவ்வுத்தரவை மீறுவோர் பதவியையே இழக்க நேரிடலாம். ஆகவே, ஆளுங்கட்சி அங்கத்தினர்களின் வாக்குகளை மட்டும் பார்த்தால் உழைத்தவருக்கும் உறங்கியவருக்கும் வேற்றுமை தோன்றாது.

பெரோஸ் காந்தி 1912ஆம் ஆண்டு பம்பாயில் ஒரு பார்சி குடும்பத்தில் பிறந்தவர், அலகாபாத்தில் வளர்ந்தவர். 1930இல் சுதந்திரப் போரில் ஈடுபட்டுச் சிறை புகுந்தார். 1942இல் நேருவின் மகள் இந்திராவை மணந்தார். அவ்வாண்டே ‘வெள்ளையனே வெளியேறு’ இயக்கத்தில் மீண்டும் சிறைவாசம். 1952இலும் 1957இலும் ரே பரேலித் தொகுதி மக்கள் அவரைக் காங்கிரஸ் அங்கத்தினராக லோக் சபைக்கு அனுப்பினர். பிரதம மந்திரியின் மருமகன், ஆளுங்கட்சிக்காரர், பின்வரிசை அங்கத்தினர். இத்தகையவர் பேசாதிருந்தாலும் யாரும் குறை கூறியிருக்கமாட்டார்கள்.

ஆயினும் அவர் பேசினார். 1955 டிசம்பரில் இன்ஷூரன்ஸ் சட்டத்திருத்த மசோதா மீதான விவாதத்தில், செல்வர் ராமகிருஷ்ண டால்மியாவின் ஆதிக்கத்தில் இருந்த பாரத் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பாலிசிதாரர்களின் பணம் எவ்வாறு கையாளப்பட்டது என்பதைக் கணக்கு விவரங்களோடு எடுத்துரைத்தார். டால்மியா பின்னர் நீதிமன்றத்தில் தண்டனையும் பெற்றார். 1956 ஜனவரியில் ஆயுள் இன்ஷூரன்ஸ் தொழிலை அரசு ஏற்றது. அவ்வாண்டு செப்டம்பர் முதல் தேதி, 245 நிறுவனங்களின் தொழில் ஒருங்கிணைந்து ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பொரேஷன் உதயமாயிற்று. 1959இல் சென்னை மவுண்ட் ரோடில் எழுந்த எல்.ஐ.சி. கட்டடத்தை அறியாத தமிழர் யார்? மாதச் சம்பளத்தில் பிரீமியம் கட்டும் நம் காலனிக் குடும்பங்களுக்கு இவ்வரலாறு அந்நியமன்று.

அச்சமயத்தில் இன்னொரு குறையையும் அவர் கண்டார். சபையில் பேசும் அங்கத்தினருக்கு அரசியல் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு; அப்பேச்சை அச்சிடும் பத்திரிகைக்கு அது இல்லை. செல்வாக்குள்ளவர் வழக்குத் தொடுத்தால் பத்திரிகை அஞ்சும்; அஞ்சினால் சபையில் நடந்தது மக்களுக்குத் தெரியாது. எனவே தனி அங்கத்தினர் மசோதா ஒன்றைக் கொணர்ந்தார். சபை நடவடிக்கைகளைத் தீய எண்ணமின்றி உண்மையாக வெளியிடுவோர்க்குப் பாதுகாப்பளிக்கும் அச்சட்டம் 1956இல் நிறைவேறிற்று. தனி அங்கத்தினரின் மசோதா சட்டமாவது மிக அரிது.

அடுத்து வந்தது முந்த்ரா விவகாரம். 1957இல் எல்.ஐ.சி., ஹரிதாஸ் முந்த்ரா என்னும் வியாபாரியின் ஆறு கம்பெனிப் பங்குகளில் சுமார் ஒரு கோடியே 24 லட்சம் ரூபாயை முதலீடு செய்தது. நலிந்த கம்பெனிகளில் ஏழை எளியோரின் சேமிப்பு ஏன் சென்றது? 1957 டிசம்பர் 16ஆம் தேதி, பெரோஸ் காந்தி இக்கேள்வியைத் தம் கட்சி மந்திரிசபையை நோக்கியே எழுப்பினார். நிதி மந்திரியாய் இருந்தவர் நம் தமிழகத்தைச் சேர்ந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரி. பம்பாய் ஹைகோர்ட் பிரதம நீதிபதி எம்.சி. சாக்ளா தலைமையில் விசாரணைக் கமிஷன் அமைந்தது. விசாரணை பொதுமக்கள் முன்னிலையில் நடைபெற்றது. காரியதரிசியின் செயலுக்கும் மந்திரியே பொறுப்பு என்று கமிஷன் கருதியது. 1958 பிப்ரவரியில் டி.டி.கே. ராஜீநாமா செய்தார். 1963இல் அவர் மீண்டும் நிதி மந்திரியானார் என்பதையும் சொல்வதே நியாயம். தமிழர் பதவி இழந்தாரே என்று நாம் வருந்தலாம். ஆனால் கேட்கப்பட்ட கேள்வி தமிழர் உட்பட எல்லோருடைய பணத்தையும் பற்றியது.

ரெயில்வே ஊழியராகிய நாம் மறக்கலாகாத செய்தி ஒன்றும் உண்டு. டெல்கோ கம்பெனி தான் கட்டும் ரெயில் எஞ்சினுக்கு ஜப்பானிய எஞ்சினைப் போல் ஏறக்குறைய இருமடங்கு விலை பெறுகிறது என்றும், அதனையும் தேசியமாக்க வேண்டும் என்றும் அவர் கூறினார். அக்கம்பெனி பார்சி குடும்பமான டாட்டாக்களுடையது. தம் கட்சி என்று பாராதவர், தம் சமூகம் என்றும் பார்க்கவில்லை.

1960 செப்டம்பர் 8ஆம் தேதி, நாற்பத்தெட்டு வயது நிறைவதற்குச் சில தினங்களே இருந்தபோது, மாரடைப்பால் அவர் காலமானார். மந்திரி பதவி எதுவும் அவர் வகித்ததில்லை. அவர் கொணர்ந்த பத்திரிகைப் பாதுகாப்புச் சட்டமோ பின்னர் சோதனைக்குள்ளாயிற்று. நெருக்கடி நிலைக் காலத்தில், 1975 டிசம்பரில், அவர் மனைவி இந்திரா காந்தியின் அரசே அவசரச் சட்டத்தின் மூலம் அதனை நீக்கியது. 1977இல் ஜனதா அரசு அப்பாதுகாப்பை மீட்டது. 1978இல் நிறைவேறிய 44ஆவது திருத்தத்தால் அரசியல் சட்டத்திலேயே 361-ஏ பிரிவாக அது இடம் பெற்றது.

எனவே, அன்பர்களே, வாக்குப் பட்டியல் வேண்டியதே. ஆனால் அத்துடன் நிற்றல் ஆகாது. நம் அங்கத்தினர் என்ன கேள்வி கேட்டார், எந்த விவாதத்தில் எத்தகைய விவரங்களோடு பேசினார், விடை கிடைக்காதபோது விடாது தொடர்ந்தாரா என்பவற்றையும் நாம் பார்க்கவேண்டும். சபை நடவடிக்கைகள் அச்சாகின்றன. அவற்றைப் படித்துச் சொல்லும் பிள்ளைகள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அடுத்த தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு நம் காலனிக்கு வருபவரிடம் நாம் கையேந்தி நிற்க வேண்டியதில்லை. அவர் மொழியிலேயே, மரியாதையோடு, இக்கேள்விகளைக் கேட்போமாக.