பெங்களூரில் அச்சான ஆறாயிரம் படிகள்

1855இல் பர்மிய அரசவைக்குச் சென்ற பிரித்தானியத் தூதுக்குழுவுடன் பயணம் செய்த லின்னேயஸ் ட்ரைப், இருநூறுக்கும் மேற்பட்ட காகித எதிர்மங்களுடன் பெங்களூர் திரும்பினார். படமெடுப்பதினும் நெடிய பணி இங்கேதான் தொடங்கியது. 120 எதிர்மங்களைத் தேர்ந்து, எண்ணும் தலைப்பும் இட்டு, 50 தொகுதிகளாக அச்சிட வேண்டியிருந்தது. அதாவது 6,000 படிகள், அதுவும் சூரிய ஒளியை நம்பி.

பல படிகள், படத்தை விட்டுப் பிரியாத விவரக்குறிப்பு: எண்ணிமக் காப்பகங்கள் இன்று வலியுறுத்தும் இவ்விரண்டும் அப்பணியிலேயே உள்ளன. மீத்தரவு என்னும் சொல்தான் புதிது.

பின்னர், சென்னை மாகாண அரசின் புகைப்படக் கலைஞராக, 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து, ஏறத்தாழ 19 அடி நீளத் தொடராக ஒட்டினார். அத்தொடரில் வரிசையெண் வெறும் அலுவலகக் குறியன்று. ஒரு படம் இடம் மாறினால் வாசகமே சிதையும்.

1859இல் ஆளுநர் சார்லஸ் ட்ரெவெல்யன், அரசின் நிதிநிலைக்கு ஒவ்வாத ஆடம்பரம் என்று அப்பணியை நிறுத்தினார். கணக்கைப் பொறுத்தவரை அவர் கூற்றில் நியாயம் உண்டு. ஆனால் ட்ரைப் படமெடுத்த அமரபுரம் அதற்குள் தலைநகர் என்னும் நிலையை மாண்டலேயிடம் இழந்துவிட்டிருந்தது.