அடைக்கோழியும் லயக்காம்பராவும்

டிக்கோயாவின் வரலாற்றை எழுதியவர்கள் கோப்பியைப் பற்றி எழுதினார்கள்; தேயிலையைப் பற்றி எழுதினார்கள்; 1884 ஆம் ஆண்டில் ஹட்டன் வரை ஏறிவந்த புகைவண்டியைப் பற்றியும் எழுதினார்கள். லயத்தின் அடுப்பு மூலையில் 21 நாள் தவம் கிடந்த அடைக்கோழியைப் பற்றி எழுதியவர் அரியர். அந்தக் கோழிக்கும் ஒரு வரலாறு உண்டு. அது உழைக்கும் பெண்ணின் வரலாற்றிலிருந்து பிரிக்க முடியாதது.

கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து மலைக்கு வந்தோர் பெரும்பாலும் ஆண்களே. பழம் பறிக்கும் பருவம் முடிந்ததும் உயிர் தப்பியவர்கள் ஊர் திரும்பினார்கள். 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. அதன் இடத்தைப் பிடித்த தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. ஆண்டு முழுவதும் பெண்களின் விரல்களை வேண்டுவது. ஆகவே குடும்பங்கள் மலையில் தங்கின. குடும்பம் தங்கிய பின்னரே அடுப்பு நிலைத்தது. அடுப்பு நிலைத்த பின்னரே கோழிக்கும் இடம் கிடைத்தது எனலாம்.

எத்தகைய இடம்? 10 அடிக்கு 12 அடிக் காம்பரா ஒன்று. அதன் முன்னே குறுகிய இஸ்தோப்பு. மனிதர் நெருங்கிப் படுக்கும் அந்த இடத்தில்தான் கோழிக்கும் ஒரு மூலை ஒதுக்க வேண்டும்.

ஏறக்குறைய 4000 அடி உயரத்திலுள்ள டிக்கோயாவில் குஞ்சு பொரிக்கவைப்பது எளிய செயலன்று. முட்டைக்குள் உயிர் வளர ஏறத்தாழ 37.5 பாகை செல்சியஸ் வெப்பம் இடைவிடாது வேண்டும். மழைக்கால இரவின் குளிரோ எலும்பைத் துளைப்பது. எனவே அடுப்பின் வெதுவெதுப்பு எட்டும் மூலையில், பழைய கூடையில் சாம்பல் தூவி, வைக்கோலோ காய்ந்த புல்லோ பரப்பி, ஒரு வாரத்துக்கு மேற்படாத முட்டைகளை அடைவைப்பதே நல்லது. கோழியே முட்டைகளை அடிக்கடி புரட்டிக்கொள்ளும். நாளுக்கு ஒருமுறை இரை தேட எழும். ஏழாம் நாள் இரவில் முட்டையை விளக்கொளிக்கு எதிரே பிடித்தால், கருவுற்றதில் சிலந்திக் கால்கள் போன்ற இரத்த நாளங்கள் தெரியும். ஒன்றுமில்லாது வெளிறியிருப்பது கூமுட்டை. பொரித்த குஞ்சு, வயிற்றில் எஞ்சிய மஞ்சட்கருவைக் கொண்டு இரண்டு நாள் தாங்கும். அதன் பின் குருணை வேண்டும். அதைவிட முக்கியமாகத் தாயின் சிறகுச் சூடு வேண்டும். நனைந்த குஞ்சு விறைத்துச் சாகும்.

இடி இடித்தால் கரு கலங்கும் என்று கூடையில் இரும்புத் துண்டும் கரியும் வைப்பது தமிழகத்துக் கிராமங்களின் பழைய நம்பிக்கை. அதைக் கேட்டு நகைப்பதில் பயனில்லை. இடி வரும் நாளில் மழையும் குளிரும் வருகின்றன. மிரண்ட கோழி கூட்டை விட்டு எழுந்தால் முட்டை குளிர்கிறது. காரணத்தைப் பிழையாகச் சொன்னாலும், ஆபத்து வரும் நாளை அனுபவம் சரியாகவே அறிந்திருந்தது.

எகிப்தில் மண் செங்கல் அடுப்புகளில் ஆயிரக்கணக்கான முட்டைகளைப் பொரிக்கவைக்கும் கலை ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. அத்தொழிலாளர்கள் முட்டையைக் கண்ணிமையில் வைத்தே வெப்பத்தை அளந்தார்கள். அந்த நுட்பத்தைத் தம் நாட்டில் நிறுவ முயன்ற பிரெஞ்சு அறிஞர் ரேயோமூர் 1749 இல் அதுபற்றி நூலே வெளியிட்டார். அறிஞரின் சோதனை நூலாயிற்று. எழுதப் படிக்க வாய்ப்பு மறுக்கப்பட்ட லயத்துப் பெண்ணின் கைப்பக்குவமோ பெயரின்றிப் போயிற்று.

இனி, இந்தக் குஞ்சுகள் யாருடைய சொத்து என்று கேட்போம். தோட்டத்து மண் கம்பனியுடையது, காம்பராவும் கம்பனியுடையது. தொழிலாளியின் கடனை எழுதிய துண்டுச்சீட்டு, 1921 இல் சட்டத்தால் ஒழிக்கப்படும் வரை, அவனையே தோட்டத்துக்குத் தோட்டம் விலைபேசியது. பெண்ணின் நிலை இன்னும் தாழ்ந்தது. ஆணுக்குச் சமமான நாட்கூலி அவளுக்குக் கிடைத்தது 1984 இல்தான். அந்தக் கூலியையும் கணவனோ தந்தையோ கையில் வாங்கும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. முட்டை விற்ற காசு எந்தச் செக்றோலிலும் ஏறாதது. பிள்ளையின் சிலேட்டுக்கும் நோயாளியின் மருந்துக்கும் அவள் எவரையும் கேளாமல் எடுக்கக்கூடிய பணம் அது. ஆனால் அதற்கு அவள் கொடுத்த விலையையும் மறைக்கலாகாது. இரத்தசோகையால் வெளுத்த தாய், தான் வளர்த்த கோழியின் முட்டையைத் தான் உண்ணாமல் விற்றாள். இதைச் சிக்கனம் என்று புகழ்வது கூலியின் குறையை மூடி மறைப்பதாகும்.

1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பமிட்ட உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் கதியைப் பின்னர் பார்ப்போம் என்று ஒத்திவைத்தது. முட்டைகளை எண்ணுவதுபோல் மனிதரை எண்ணினார்கள். ஆனால் முட்டையை எண்ணி அடைவைத்த பெண், ஒவ்வொன்றையும் விளக்கொளியில் பார்த்தாள். எதையும் பார்க்காமல் ஒதுக்கவில்லை.

இன்று பண்ணைகளில் பொறிகள் குஞ்சு பொரிக்கின்றன. முட்டைக்கென்றே வளர்க்கப்படும் இனங்கள் அடைகாக்கும் இயல்பைப் பெரும்பாலும் இழந்துவிட்டன. விஞ்ஞானத்தின் இந்த வளர்ச்சியை நாம் வெறுக்கவில்லை. மலிவான முட்டை ஏழையின் தட்டுக்கு வருமாயின் அது நன்மையே. ஆயினும் லயங்களில் இன்னும் பல குடும்பங்கள் வாழ்கின்றன. வீடும் காணியும் சொந்தமாக வேண்டும் என்ற கோரிக்கை இன்னும் முற்றாக நிறைவேறவில்லை. கோழிக்கு ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுத்த அந்தப் பெண்ணுக்கு, அவளுடையது என்று சொல்ல ஒரு துண்டு நிலத்தை இந்த நாடு ஒதுக்கிக் கொடுப்பது எப்போது?