சந்திரன் பெயர் கொண்ட மருந்து

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து சித்தப்பாவைச் சிதம்பரத்து ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தபோது அவருக்குப் பிரக்ஞை இல்லை. சிறுநீரில் பிடித்த கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். வராந்தாவில் யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார். சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள்: "ஏம்ப்பா, இந்த நோவிலே ரத்தத்திலே துத்தநாகம், செலினியம் எல்லாம் கொறைஞ்சிடுமாம். அதை ஏத்தச் சொல்லேன்!"

கதை எழுதுகிறவனைக் கேட்கிற கேள்வியா இது? ஆனாலும் அது என்னை விடவில்லை. பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

செலினியத்தை 1817-இல் கண்டுபிடித்தவர் ஸ்வீடன் தேசத்து பெர்ஸீலியஸ். கிரேக்கருடைய சந்திர தேவதையின் பெயரை அதற்குச் சூட்டினார். வெகுகாலம் அது விஷம் என்றுதான் பேர் வாங்கியிருந்தது. அளவோடு உடம்புக்கு வேண்டும் என்று எலிகளிடம் தெரிய வந்தது 1957-இல். துத்தநாகமோ நமது சித்த வைத்தியர்களுக்குப் பழைய சிநேகம். நாக பற்பம் அதில் செய்வதுதான். (ஆயுர்வேதத்தில் நாகம் என்றால் ஈயம். ஜாக்கிரதை!) ஆனால் மனிதனுக்குத் துத்தநாகம் பற்றாமல் போகலாம் என்று சந்தேகித்து 1961-இல் எழுதியவர், பீஹாரில் பிறந்த டாக்டர் ஆனந்த பிரசாத். ஈரானில் அவரிடம் வந்த இருபத்தொரு வயது வாலிபன் பத்து வயதுப் பையன் போல இருந்தானாம்.

கடுமையான தொற்றில் இவ்விரண்டும் ரத்தத்தில் குறைவது உண்மைதான். குறைந்ததை நிரப்பினால் ஆயிற்று என்று யாருக்கும் தோன்றும். ஜெர்மனியில் 2007-இல் வந்த ஒரு சோதனை செலினியத்துக்கு ஆசை காட்டியது. 2016-இல் அதே நாட்டில் ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளைக் கொண்ட பெரிய சோதனையின் முடிவு வெளியாயிற்று. சாவு குறையவில்லை.

துத்தநாகத்தின் கதை இன்னும் விசித்திரம். கடுமையான நிமோனியா கண்ட குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில், 2004-இல் வங்காள தேசத்தில் சீக்கிரம் குணம் கண்டது. 2006-இல் நம் வேலூரில் பொதுவில் பலனில்லை. 2012-இல் டில்லியில், கடுந்தொற்று என்று சேர்த்த சுமார் 700 கைக்குழந்தைகளில் பாதிப் பேருக்கு வழக்கமான மருந்துகளோடு தினம் 10 மில்லிகிராம் கொடுத்தார்கள். அவர்களிடையே சிகிச்சை பலிக்காமற் போவது நாற்பது சதவீதம் குறைந்தது. நான்கு மாதம் தாண்டாத சிசுக்கள் அவை. சித்தப்பாவுக்கு எழுபத்திரண்டு.

அவரைப் பார்த்த டாக்டர் ஒன்று சொன்னார். தொற்று கண்டதும் உடம்பு தானே துத்தநாகத்தை ரத்தத்திலிருந்து ஈரலுக்கு இழுத்துக்கொள்கிறதாம், இரும்பையும் ஒளித்துவைக்கிறதாம். கிருமிக்கும் இரும்பு வேண்டுமே! திருட்டு பயத்தில் வீட்டுக்காரி நகையைப் பரணில் போடுகிற மாதிரி. அப்படியானால் ரத்தத்தில் காணும் குறைவு வறுமையா, பதுக்கலா? ரயிலில் திரும்பும்போது பரங்கிப்பேட்டை வந்தது. 1830-களில் ஹீத் என்ற கும்பினி உத்தியோகஸ்தர் சேலத்துத் தாதுவை இங்கே உருக்கி நஷ்டப்பட்டார். இரும்புக்கு அலைவதில் கிருமியும் அவர் கட்சி போலிருக்கிறது.

பதினோராம் நாள் சித்தப்பா கண் விழித்துக் காப்பி கேட்டார். செலினியம்தான் காப்பாற்றியது என்று சித்தி இன்றைக்கும் தெருவெல்லாம் சொல்கிறாள். டிஸ்சார்ஜ் சீட்டை நான் இரண்டு தரம் படித்துப் பார்த்தேன். அதில் செலினியம் இல்லை. அவளிடம் சொல்லவில்லை.