தூண்டில் முள்ளும் துருவும்: ஒரு சின்னப் பெட்டியின் பெரிய வரலாறு

வரலாறு என்றாலே ராஜா, போர், வருஷம் என்று மனப்பாடம் பண்ணிப் பண்ணி நமக்கெல்லாம் அலுத்துவிட்டது. அதனால் இந்த முறை ராஜாக்களுக்கு லீவு. மீன் பிடிக்கிற தூண்டில் முள்ளை எதில் போட்டு வைத்தார்கள், அது துருப்பிடிக்காமல் இருக்க என்னென்ன செய்தார்கள் என்று பார்க்கலாம். சிரிக்காதீர்கள். இந்தச் சின்ன விஷயத்துக்குள் சிந்துவெளி வருகிறது, பர்மா தேக்கு வருகிறது, பாம்பன் பாலம் வருகிறது, கடைசியில் நம்ம காரைக்குடி சிக்ரியும் வந்து நிற்கிறது.

குன்றக்குடிப் பக்கம் கடல் இல்லை, கண்மாய்தான். கோடையில் கண்மாய் வற்றும்போது மீன்பிடித் திருவிழா நடப்பது சிவகங்கை மாவட்டத்தில் எல்லோரும் அறிந்ததே. ஊத்தா, கச்சா, வலை என்று ஊரே இறங்கிவிடும். அந்தச் சாமான்களில் முக்கால்வாசி மூங்கிலும் நூலும்தான். அவற்றுக்கு எதிரி கறையானும் எலியும், துரு இல்லை. பிடித்த மீனைப் போட பனையோலைப் பறி. ஆக, துருவைப் பற்றிக் கவலைப்பட வேண்டியவர் தூண்டில்காரர் ஒருவர்தான். அவர் சொத்து நாலைந்து முள், கொஞ்சம் தங்கூசி, ஒரு தக்கை, ஒரு ஈயக்குண்டு. முள்ளின் முனை மழுங்கினால் கெளுத்தி வாயில் ஏறாது, முள் உள்ளே அரித்திருந்தால் விரால் இழுக்கிற இழுப்பில் ஒடிந்து போகும். சாயங்காலக் குழம்பு அந்த முள்ளை நம்பி இருக்கிற வீட்டில் இது சின்ன விஷயமா?

முள்ளின் கதையை முதலில் முடித்துவிடுவோம். ஜப்பானின் ஒகினாவா தீவில் ஒரு குகையில் சிப்பியில் செதுக்கிய தூண்டில் முட்கள் கிடைத்தன. வயது சுமார் 23,000 ஆண்டுகள். சிந்துவெளி நகரங்களில் செம்பில் செய்த முட்கள் கிடைத்திருக்கின்றன. செம்பு துருப்பிடிக்காது, பச்சைக் களிம்பு மட்டும் ஏறும், தேய்த்தால் போய்விடும். இரும்பு அப்படி இல்லை. களிம்பு செம்பின் மேல் ஒட்டிக்கொண்டு உள்ளே இருப்பதைக் காக்கும். இரும்பின் துருவோ பொருபொருவென்று உதிர்ந்து, தண்ணீரைப் பஞ்சு மாதிரி பிடித்து வைத்து, அடுத்த அடுக்கையும் தின்னும். வலிமைக்காகச் செம்பை விட்டு இரும்புக்குப் போன மனிதன், கூடவே இந்தத் தலைவலியையும் வாங்கிக்கொண்டான்.

டெல்லி இரும்புத் தூண் 1,600 ஆண்டுகளாக நிற்கிறதே என்று யாராவது கேட்பீர்கள். அந்த இரும்பில் பாஸ்பரஸ் அதிகம். அதனால் மேலே ஒரு மெல்லிய காப்புப் படலம் உண்டாகிவிட்டது என்பதை ஐ.ஐ.டி. கான்பூர் பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம் விளக்கியிருக்கிறார். டெல்லியின் காய்ந்த காற்றும் ஒரு காரணம். அதே தூணை ராமேஸ்வரம் கடற்கரையில் நட்டிருந்தால் கதை வேறாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

தொழிற்சாலை முள் வந்தது 19ஆம் நூற்றாண்டில். இங்கிலாந்தில் ஊசி செய்வதற்குப் பேர்போன ரெடிச் என்ற ஊர்தான் தூண்டில் முள்ளுக்கும் தலைநகரம். 1832ல் தொடங்கிய நார்வேயின் மஸ்டாட் கம்பெனி, 1877ல் முள் செய்ய இயந்திரத்தையே உண்டாக்கிவிட்டது. இந்த முட்கள் எல்லாம் கார்பன் கூடிய எஃகுக் கம்பி. கூர்மை அபாரம், ஆனால் ஈரம் பட்டால் போச்சு. அதற்கு அவர்கள் கண்ட வழி நமக்குப் புதிதல்ல. நம்ம வீட்டுப் பித்தளைப் பாத்திரத்துக்கு "ஈயம் பூசறதேய்..." என்று தெருவில் கூவிக்கொண்டு வருவார்களே, அதே வெள்ளீயப் பூச்சுதான் கடலுக்குப் போகும் முள்ளுக்கும். நன்னீர் முள்ளுக்குப் பழுப்பு நிற வார்னிஷ் போதும் என்று விட்டுவிட்டார்கள். இன்றும் கடையில் வெள்ளை முள், பழுப்பு முள் என்று இரண்டு தினுசு கிடைப்பதன் காரணம் இதுதான்.

சென்னை மாகாணத்துக்கு இந்த நாகரிகத் தூண்டிலைப் பற்றி எழுதியவர் ஹென்றி சல்லிவன் தாமஸ் என்ற வெள்ளைக்காரர். மெட்ராஸ் சிவில் சர்வீஸ் அதிகாரி. தென் கன்னட மாவட்டத்தில் கலெக்டராக இருந்தவர். 1873ல் இந்தியாவில் தூண்டில் போடுவது பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அது போதாதென்று 1887ல் ஏரி, கண்மாய், குளங்களில் தூண்டில் போடுவதற்கென்றே தனியாக இன்னொரு புத்தகம்! ஒரு கலெக்டர் கண்மாய்க் கரையில் தூண்டிலோடு உட்கார்ந்திருக்கும் காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள் :-)

அந்தக் காலத்து துரைமார்கள் முள்ளைத் தோல் பையில் மடித்து வைப்பது வழக்கம். பார்க்க அழகு, ஆனால் முள்ளுக்கு எமன். தோல் ஈரத்தை விடாது. பதப்படுத்திய தோலில் இருக்கும் அமிலப் பொருட்களும் இரும்பை அரிக்கும். குளிர்ந்த சீமையிலேயே தொல்லை என்றால், ஐப்பசி மழையில் சொல்லவா வேண்டும்? பிறகு கறுப்பு அரக்கு பூசிய தகரப் பெட்டி வந்தது, அதற்குப் பிறகு அலுமினியப் பெட்டி. தகரப் பெட்டியில் ஒரு கோளாறு: மூலையில் பூச்சு லேசாக உரிந்தால் பெட்டியே துருப்பிடிக்க ஆரம்பித்துவிடும்.

மரப்பெட்டி? இங்கேதான் செட்டிநாடு வருகிறது. பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போன நகரத்தார் கப்பல் கப்பலாகத் தேக்கு கொண்டுவந்தார்கள் என்பது நமக்குத் தெரியும். வீட்டுத் தூணையும் கதவையும் பார்த்து வாய் பிளக்கிறோம். ஆனால் தேக்குக்கு இன்னொரு குணம் உண்டு: அதில் அடித்த இரும்பு ஆணி எளிதில் அரிக்காது. இங்கிலாந்தின் ஓக் மரத்தில் அடித்த ஆணியை அந்த மரத்தின் துவர்ப்பே தின்றுவிடும். தேக்கில் இருக்கும் எண்ணெய் ஆணியைக் காக்கும். ஆங்கிலேயக் கடற்படை பம்பாயில் தேக்குக் கப்பல் கட்டச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். 1817ல் பம்பாயில் கட்டப்பட்ட 'திருகோணமலை' என்ற போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதந்துகொண்டிருக்கிறது. ஆகவே வீட்டில் பழைய தேக்குப் பெட்டி கிடந்தால், இரும்புச் சாமான் போட அதைவிட நல்ல மரப்பெட்டி கிடையாது. (கிடைத்தால் முள் போடுவீர்களா, பழம்பொருள் கடையில் விற்பீர்களா என்பது உங்கள் இஷ்டம்.)

பிளாஸ்டிக் பெட்டி 1950களில் வந்தது. அமெரிக்காவின் பிளானோ கம்பெனி 1952ல் அச்சில் வார்த்த பெட்டியை விற்க ஆரம்பித்தது. பெட்டி துருப்பிடிக்கும் பிரச்சினை ஒழிந்தது. ஆனால் அதே சமயத்தில் ரப்பர் மாதிரி வளையும் பிளாஸ்டிக் புழுக்களும் இரையாக வந்தன. அந்தப் புழுவில் இருந்த இளக்கும் எண்ணெய் பெட்டியின் தட்டையே கரைத்து ஒட்டிக்கொண்டது. அதனால் புழுவுக்குக் கரையாத பெட்டி என்று விளம்பரம் போட்டு வேறு பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள். பெட்டியைக் காப்பாற்றப் போய்ப் பெட்டியே உருகிய கதை!

சரி, இப்போது நம்ம ஊர் விஷயத்துக்கு வருவோம். குன்றக்குடியிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் காரைக்குடி. அங்கே இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தை நாம் சிக்ரி என்று சொல்லிவிட்டுக் கடந்து போகிறோம். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்த நிலையம் அது. 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். குன்றக்குடி அடிகளார் நடத்திய கிராமத் திட்டத்திலும் சிக்ரி அறிவியலாளர்களுக்குப் பங்கு உண்டு. அங்கே செய்யும் முக்கியமான ஆராய்ச்சிகளில் ஒன்று இந்தத் துருதான். மண்டபத்தில் கடலோரமாக உலோகத் தகடுகளை வெயிலிலும் உப்புக் காற்றிலும் மாதக்கணக்கில் காயவிட்டு, எவ்வளவு எடை குறைந்தது என்று நிறுத்துப் பார்ப்பார்கள். இப்படிப் பல ஊர்களில் தகடு வைத்து இந்தியாவுக்கே ஓர் அரிப்பு வரைபடம் தயாரித்தார்கள்.

ஏன் மண்டபம்? பக்கத்தில் பாம்பன் இருக்கிறதே. 1914 பிப்ரவரி 24 அன்று திறந்த அந்த ரயில் பாலம், உலகிலேயே துரு அதிகம் தாக்கும் இடங்களில் ஒன்றில் நூறு வருஷத்துக்கு மேல் நின்றது. பெயின்ட் அடித்து முடிப்பதற்குள் மறுமுனையில் மறுபடி ஆரம்பிக்க வேண்டிய நிலை. 2022 டிசம்பரில் அதில் ரயில் நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறக்கப்பட்டது. அங்கே இரும்புக்கு நடப்பதுதான் உங்கள் பெட்டிக்குள் இருக்கும் முள்ளுக்கும் நடக்கிறது, அளவு மட்டும்தான் வேறு.

அந்த விஞ்ஞானம் சொல்வது இது. காற்றின் ஈரப்பதம் சுமார் 60 சதவீதத்தைத் தாண்டினால் இரும்பில் அரிப்பு வேகமெடுக்கும். உப்பு ஒட்டியிருந்தால் அதற்கும் குறைந்த ஈரத்திலேயே ஆரம்பித்துவிடும், ஏனென்றால் உப்பு காற்றிலிருந்து தண்ணீரை இழுக்கும். ஆகவே கடலில் போட்ட முள்ளை நல்ல தண்ணீரில் அலசாமல் வைத்தால் எந்தப் பெட்டியும் காப்பாற்றாது. காற்றுப் புகாத பெட்டிதான் நல்லது என்று கடைக்காரர் சொல்வார். பாதிதான் உண்மை. காயவைத்த முள்ளை வைத்தால் நல்லது. ஈர முள்ளை வைத்து மூடினால் ஈரமும் உள்ளேயே சிறைப்பட்டு, ஒரு முள்ளின் நனைவு எல்லா முள்ளுக்கும் பரவும். அவசரமாக வீட்டுக்கு ஓடுகிறவருக்கு ஓட்டை உள்ள பெட்டியே மேல். இன்னொன்று, பித்தளைச் சுழலியையும் எஃகு முள்ளையும் ஈரத்தோடு ஒரே அறையில் போடாதீர்கள். இரண்டும் சேர்ந்து சின்ன பேட்டரி மாதிரி ஆகி, முள் சீக்கிரம் அரிக்கும். இந்த மின்வேதியியலைப் படிக்கத்தான் நேரு அங்கே அடிக்கல் நாட்டினார் :-)

எண்ணெய் தடவலாம், ஆனால் தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாளானால் சிக்கு வாடை அடித்துப் பிசுபிசுக்கும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். மருந்து டப்பாவிலும் புது ஷூ பெட்டியிலும் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தைத் தூக்கி எறியாமல் பெட்டிக்குள் போடுங்கள். அதற்கு 1919லேயே காப்புரிமை வாங்கிவிட்டார்கள். வாங்க முடிகிறவர்களுக்கு, ஆவியாகி இரும்பின் மேல் படலமாகப் படியும் காகிதமும் கிடைக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இயந்திர பாகங்களைத் துருவில்லாமல் கப்பலில் அனுப்புவதற்காக வளர்ந்த நுட்பம் அது.

இவ்வளவு தொல்லை எதற்கு, துருவே பிடிக்காத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் முள் வாங்கினால் போச்சு என்று தோன்றும். 1913ல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி செய்து காட்டிய அந்த எஃகில் முள்ளும் வந்துவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. நரம்பை அறுத்துக்கொண்டு ஓடிய மீனின் வாயில் முள் தங்கிவிடும். சாதா முள் என்றால் நாளடைவில் துருப்பிடித்து உதிர்ந்துவிடும், மீன் பிழைக்க வழி உண்டு. ஸ்டெயின்லெஸ் முள் லேசில் போகாது. மெக்சிகோ வளைகுடாவில் பாறை மீன்களுக்கு இரை வைத்துத் தூண்டில் போடுகிறவர்கள் ஸ்டெயின்லெஸ் முள் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்கா 2008ல் சட்டமே போட்டது. பெட்டிக்குள் நாம் விரட்டுகிற அதே துரு, தண்ணீருக்குள் ஒரு மீனுக்கு வைத்தியம் பார்க்கிறது. எனவே கடையில் கேட்கும்போது வெள்ளீயம் பூசிய சாதா முள்ளாகவே கேளுங்கள், அலசிக் காயவைத்து மூடுங்கள், விலையும் குறைவு.