இளம் தாடி ஓணானுக்கான ஒளி, வெப்ப அமைப்பு

தாடி ஓணான் என்பது ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதிகளில் வாழும், பகலில் நடமாடும் ஓர் ஊர்வன விலங்கு ஆகும். நம் ஊர் வேலிகளில் காணப்படும் ஓணான் அடங்கிய அகாமிடே குடும்பத்தையே இதுவும் சேர்ந்தது. அச்சுறுத்தப்படும்போது தொண்டைப் பகுதியை உப்பவைத்துக் கறுப்பாக்கிக் கொள்வதால் இப்பெயர் பெற்றது. வீடுகளில் வளர்க்கப்படுவது பெரும்பாலும் போகோனா விட்டிசெப்ஸ் என்னும் இனமாகும். இவ்வினத்தை 1926 இல் செருமானிய விலங்கியலாளர் எர்ன்ஸ்ட் ஆல் விவரித்தார். காட்டுயிர்களை வணிக நோக்கில் ஏற்றுமதி செய்ய ஆஸ்திரேலியா நெடுங்காலமாகத் தடை விதித்துள்ளது. ஆகவே பிற நாடுகளில் விற்கப்படுபவை வளர்ப்பிலேயே பிறந்த வழித்தோன்றல்கள் ஆகும்.

முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு வாலுடன் சேர்த்து ஏறத்தாழ 10 செ.மீ. நீளமும் 2 முதல் 3 கிராம் எடையும் கொண்டிருக்கும். ஓராண்டு அளவில் அது 40 செ.மீ.க்கு மேல் வளர்ந்துவிடக்கூடும். இவ்வளவு விரைவாக எலும்பு வளரும் காலத்தில் ஒளியிலும் வெப்பத்திலும் ஏற்படும் குறை, முதிர்ந்த விலங்கை விடக் குஞ்சை மிக வேகமாகப் பாதிக்கிறது.

வெப்பமும் ஒளியும் சேர்ந்து தேவைப்படுவதன் காரணம்

தாடி ஓணான் தன் உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்குவதில்லை. வெயிலுக்கும் நிழலுக்கும் மாறிமாறிச் சென்று உடலை ஏறத்தாழ 35 °செ அளவில் வைத்துக்கொள்கிறது. உடல் குளிர்ந்திருந்தால் உண்ட பூச்சிகள் சரிவரச் செரிப்பதில்லை. குஞ்சு நன்கு உண்டும் தேறாமல் இருந்தால் முதலில் ஆராய வேண்டியது உணவை அன்று, வெப்பமானியையே.

எலும்புக்குத் தேவையான கல்சியத்தைக் குடல் உறிஞ்ச உயிர்ச்சத்து டி3 தேவை. தோலில் உள்ள ஒருவகைக் கொழுப்புப் பொருள் மீது புற ஊதா-பி கதிர் பட்டதும் அது உயிர்ச்சத்து டி3 இன் முன்வடிவமாக மாறுகிறது. இம்முன்வடிவம் உண்மையான டி3 ஆக மாறுவது ஒளியால் அன்று, உடல் வெப்பத்தால். பின்னர் கல்லீரலும் சிறுநீரகமும் அதனைச் செயற்படும் வடிவத்துக்குக் கொண்டுவருகின்றன. எனவே பெட்டியின் ஒரு மூலையில் சூடும் மறு மூலையில் புற ஊதா விளக்குமாக அமைப்பது, இரண்டும் இருந்தும் பயன் குறைந்த அமைப்பாகும். சூரியனிடமிருந்து இரண்டும் ஒன்றாகவே வருகின்றன. வளர்ப்புப் பெட்டியிலும் அவை ஒரே இடத்தில் விழவேண்டும்.

டி3 கலந்த பொடியை உணவில் தூவுவது மட்டும் போதும் என்ற கருத்து முன்பு பரவலாக இருந்தது. 2010 இல் வெளியான ஓர் ஆய்வு, புதிதாகப் பொரித்த தாடி ஓணான்களில் நாளொன்றுக்கு இரண்டு மணி நேரப் புற ஊதா-பி ஒளி, வாய்வழி கொடுக்கப்பட்ட டி3 ஐ விட இரத்தத்தில் உயிர்ச்சத்து அளவை நன்கு உயர்த்தியது எனக் காட்டியது. உணவின் வழி டி3 அளவுக்கு மீறினால் நஞ்சாகவும் கூடும். தோலிலோ மிகுதியான முன்வடிவம் செயலற்ற பொருள்களாக மாறிவிடுவதால் அத்தகைய ஆபத்து குறைவு.

வெப்ப அமைப்பு

பெட்டியின் ஒரு முனை சூடாகவும் மறு முனை குளிர்ச்சியாகவும் இருத்தல் இன்றியமையாதது. சூடான முனையில் தட்டையான கல் அல்லது மரக்கிளையால் வெயில் காயும் மேடை அமைக்கப்படுகிறது. குஞ்சுகளுக்கு இம்மேடையின் மேற்பரப்பு ஏறத்தாழ 40 °செ அளவிலும், குளிர்ந்த முனை 25 °செ அளவிலும் இருப்பது நன்று. மிகச் சிறிய கண்ணாடித் தொட்டியில் இவ்வேறுபாட்டை உண்டாக்க முடியாது. விளக்கை ஏற்றிய சிறிது நேரத்தில் தொட்டி முழுவதும் சூடாகிவிடும். சிற்றுடல் கொண்ட குஞ்சு, தப்பிச் செல்ல இடமின்றி விரைவில் நீரிழப்புக்கு உள்ளாகும். குஞ்சுக்குச் சிறிய பெட்டியே போதும் என்ற எண்ணம் இக்காரணத்தால் தவறானது.

மேலிருந்து ஒளி வீசும் ஆலசன் குவி விளக்கு இதற்குப் பொருத்தமானது. அதன் அண்மை அகச்சிவப்புக் கதிர்கள் தோலின் அடிவரை ஊடுருவுகின்றன. பீங்கான் வெப்பமூட்டியின் நெடுஅலைக் கதிர்கள் மேற்தோலை மட்டுமே சூடாக்குகின்றன. குஞ்சுடன் சேர்த்து அடிக்கடி விற்கப்படும் 'சூட்டுக்கல்' தவிர்க்கப்பட வேண்டியது. இவ்விலங்கு வெயிலை முதுகில் வாங்கப் பழகியது; வயிற்றின் கீழ் எழும் கடுஞ்சூட்டை உடனே உணர்ந்து விலகாமல் தீப்புண் பெறுவதுண்டு.

விளக்கை வெப்பநிலைக் கட்டுப்படுத்தியுடன் இணைக்கும்போது ஒளியைப் படிப்படியாக மங்கச் செய்யும் வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அணைத்து ஏற்றும் வகையுடன் இணைத்தால் விளக்கு பகல் முழுவதும் விட்டுவிட்டு எரியும்.

புற ஊதா ஒளி

புற ஊதா-பி கதிர் மனிதக் கண்ணுக்குத் தெரியாது. விளக்கு பளிச்சென்று எரிவது அதில் புற ஊதா-பி உள்ளது என்பதற்குச் சான்று அன்று. குழல் விளக்குகளில் கண்ணுக்குத் தெரியும் ஒளி குறையும் முன்பே புற ஊதா வெளியீடு குறைந்துவிடுவதால், அவற்றை 6 முதல் 12 மாதங்களுக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம். சன்னலோரத்தில் பெட்டியை வைப்பதும் பயன் தராது. சாதாரணக் கண்ணாடி புற ஊதா-பி ஐ ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும். வெப்பத்தையோ உள்ளே சிறைப்படுத்தும்.

புற ஊதாவின் வலிமை, வானிலை அறிக்கைகளில் வரும் புற ஊதாச் சுட்டெண்ணாலேயே அளக்கப்படுகிறது. 2010 இல் கேரி பெர்குசனும் பிறரும் ஊர்வனவற்றை அவை இயற்கையில் பெறும் கதிரளவுக்கேற்ப நான்கு மண்டலங்களாகப் பிரித்தனர். தாடி ஓணான் பொதுவாக மூன்றாம் மண்டலத்தில் வைக்கப்படுகிறது. வெயில் காயும் குஞ்சின் முதுகு மட்டத்தில் சுட்டெண் 3 முதல் 6 வரையிலும், நிழலில் சுழியத்தை ஒட்டியும் இருப்பது ஏற்றது.

இதற்கு டி5 எனப்படும் 16 மி.மீ. விட்டமுள்ள உயர்வெளியீட்டுக் குழல் விளக்கு, பிரதிபலிப்பானுடன், வெப்ப விளக்கை ஒட்டியே பொருத்தப்படுகிறது. பெட்டி நீளத்தில் பாதி முதல் மூன்றில் இரு பங்கு வரை அது இருந்தால் போதும். எஞ்சிய பகுதி நிழலுக்கானது. மேடையிலிருந்து விளக்கின் தூரம் பெரும்பாலும் 30 முதல் 40 செ.மீ. ஆகும். எனினும் அது விளக்கின் திறனைப் பொறுத்தது என்பதால் தயாரிப்பாளர் தரும் அட்டவணையையே பின்பற்ற வேண்டும். இடையில் கம்பிவலை இருப்பின் கதிரில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ இழக்கப்படலாம். தூரத்தை அளக்கும்போது பெட்டியின் தரையிலிருந்து அளப்பது பொதுவான பிழை. குஞ்சு ஏறக்கூடிய மிக உயரமான கிளையிலிருந்து அளத்தல் வேண்டும்.

விளக்குகள் எப்போதும் மேலேயே இருக்கவேண்டும். இவ்விலங்கின் புருவ மேடு மேலிருந்து வரும் ஒளியை மறைத்துக் கண்ணைக் காக்கிறது; பக்கவாட்டு ஒளியிலிருந்து அதனால் காக்க இயலாது. 2000களில் விற்பனைக்கு வந்த சில சுருள் விளக்குகள் மிகக் குறுகிய அலைநீளக் கதிர்களை வீசியதால் ஊர்வனவற்றுக்குக் கண் அழற்சி ஏற்பட்டது.

இரவு

பகல் ஒளி 12 முதல் 14 மணி நேரம் போதும். நேரமானி பொருத்துவது எளிது. இரவில் எல்லா விளக்குகளும் அணைக்கப்பட வேண்டும். சிவப்பு, நீல விளக்குகள் அதற்குத் தெரியாது என்பது உண்மையன்று. அறை 18 °செ வரை குளிர்வதால் நலமான குஞ்சுக்குத் தீங்கில்லை. அதற்குக் கீழே சென்றால் ஒளி தராத பீங்கான் வெப்பமூட்டி, கட்டுப்படுத்தியுடன் பயன்படுத்தப்படுகிறது.

அளவிடலும் அறிகுறிகளும்

கண்ணாடியில் ஒட்டும் வட்ட முள் வெப்பமானிகள் சுவரின் வெப்பத்தையே காட்டுகின்றன. மேடையின் மேற்பரப்பை அகச்சிவப்பு வெப்பமானியாலும், குளிர்ந்த முனையின் காற்றை உணரி கொண்ட எண்முறை வெப்பமானியாலும் அளக்க வேண்டும். குஞ்சை உள்ளே விடுவதற்கு ஓரிரு நாள் முன்பே அமைப்பை இயக்கிச் சரிபார்ப்பது நல்லது.

அமைப்பு சரியா என்பதைக் குஞ்சின் நடத்தையும் உணர்த்தும். காலையில் உடல் கறுத்து, தட்டையாகி வெயில் காய்வதும், போதிய சூடு ஏறியபின் நிறம் வெளிர்ந்து வாயைச் சற்றுத் திறந்திருப்பதும் இயல்பானவை. நாள் முழுவதும் விளக்கின் கீழேயே கிடந்தால் சூடு போதவில்லை. எந்நேரமும் குளிர்ந்த மூலையில் ஒதுங்கினால் சூடு மிகுதி எனக் கொள்ளலாம்.

விரல்களிலும் கால்களிலும் நடுக்கம், மென்மையாகிய தாடை, வீங்கிய கால்கள், உடலைத் தரையிலிருந்து தூக்க இயலாமை ஆகியன வளர்சிதை எலும்பு நோயின் அறிகுறிகள். தொடக்கத்திலேயே ஊர்வன மருத்துவம் அறிந்த கால்நடை மருத்துவரிடம் கொண்டுசென்றால் நோயை நிறுத்த இயலும். ஏற்கனவே வளைந்துவிட்ட முதுகெலும்பும் தாடையும் பொதுவாகப் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை.