கெர்னலின் வாயில்

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு ஊரிலிருந்து இணையத்தின் வழியே வரும் சேதி, கைப்பேசியினுள் ஒரு வாயிலைக் கடந்தே வருகின்றது. அவ்வாயில் அமெரிக்காவின் பெர்க்லி நகரில் உருவானது.

1983 ஜனவரி 1இல் அந்நாட்டின் ஆர்ப்பாநெட் வலையம் டி.சி.பி./ஐ.பி. நெறிமுறைக்கு மாறியது. அவ்வாண்டு ஆகஸ்டில் பெர்க்லி பல்கலைக்கழகத்தார் 4.2 பி.எஸ்.டி. என்னும் யூனிக்ஸ் இயக்கமுறைமையை வெளியிட்டனர். சேதியைத் துண்டாக்குதல், வரிசைப்படுத்துதல், தொலைந்ததை மீண்டும் அனுப்புதல் ஆகிய பொறுப்புகளை அதன் உட்கருவாகிய கெர்னலே ஏற்றது. பிற நிரல்களுக்குச் ‘சாக்கெட்’ என்னும் வாயில் மட்டும் தரப்பட்டது. கோப்பில் போலவே அதிலும் படிக்கலாம், எழுதலாம்.

எந்த நெறிமுறை வேண்டும் என்பதை வாயிலைத் திறக்கையில் குறிப்பிட்டால் போதும். ஆதலின், 1995இல் ஐ.பி.யின் ஆறாம் பதிப்பு வகுக்கப்பட்டபோது முகவரியின் வடிவம் மாறிற்று, வாயில் மாறவில்லை. நாளை வருவோருக்கும் இடம் விட்டுக் கட்டுவதன்றோ நல்ல கட்டடக் கலை!